நான் திருத்திய எழுத்து

ஸ்ரீரங்கம்,
12.8.2024

அன்புத் தங்கை தேவதர்ஷினிக்கு,

அக்கா வைஷ்ணவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் உதைக்கிறவனும் சுகமாக இருக்க வேண்டும். பையன்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டதாக நீ சொன்ன அன்று, சட்டென்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபமில்லையடி, பயம். அழாமல் போனில் சொல்ல என்னால் முடியாது. தோழி ஷஹனாஸ் நாளை மஸ்கட் திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. காலையில் பஸ் பாலத்தில் ஊர்ந்தபோது கண் சொக்கியது. தண்ணீருக்கு மேலே என் லேப் எழுத்துகள் நாற்று வரிசைபோல் அசைந்தன. நடுவே என் பிள்ளை கைவீசி நடந்து போனான். பெயர் வைக்கக்கூட நாள் கொடுக்காதவன், மூன்று வயதுக்காரனாய், அரைஞாண் கயிறோடு. இறங்குங்கம்மா என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் விழித்தேன்.

கம்ப்யூட்டரைத் தட்டி என்னதான் கிழிக்கிறாய் என்று கிண்டல் செய்வாயே, சொல்கிறேன். கறி, முட்டை, பருப்பிலுள்ள புரதச் சத்து உடம்பில் கரையும்போது அம்மோனியா என்ற விஷம் மிச்சமாகிறது. அதைக் கழித்துக்கட்ட ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்பது மணிமாலை மாதிரி, ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஈஸ்ட், நெல், மாடு, மனிதன் என்று எல்லா உயிரிலும் உள்ள அந்த நொதியின் எழுத்து வரிசைகளையும், அதற்குத் தூரத்துச் சொந்தமான நொதிகளின் வரிசைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவேன். மற்ற எழுத்துகள் உயிருக்கு உயிர் மாறும். ஓரிடத்தில் மட்டும் எஸ், டி, ஆர், டி என்று நாலு எழுத்து மேலிருந்து கீழ்வரை அசையாமல் நிற்கும். அங்கே மாறினால் நொதி வேலை செய்யாது, உயிர் தங்காது.

ஆறு வருஷத்துக்கு முன், பழகுவதற்காக என் ரத்தத்திலிருந்தே அந்த வரிசையைப் படித்தேன். ஆர் நிற்க வேண்டிய இடத்தில் ஆர் பாதி, கியூ பாதியாகக் கலந்து தெரிந்தது. மெஷின் தடுமாறுகிறது, நெல்லுக்கும் மாட்டுக்கும் இருப்பது எனக்கு இல்லாமலா போகும் என்று ஆர் என்றே திருத்திவிட்டேன். வேலை சுத்தம் என்று சார் பாராட்டினார்.

மூன்று வருஷம் கழித்து என் பிள்ளை பிறந்தான். நன்றாகத்தான் பால் குடித்தான். மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டான், அன்றே போய்விட்டான். கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். பட்சிதோஷம் என்றாள் அம்மா. எனக்கு முன்னால் பிறந்த அண்ணனும் அப்படித்தானே போனான்.

இருவரும் ஒரே மாதிரி போனது மனதை அரிக்க, போன மாதம் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். மறுபடி ரத்தம் கொடுத்தேன், அதே இடத்தில் அதே கலப்பு. பெண்ணுக்கு நல்ல பிரதி இன்னொன்று இருப்பதால் சமாளித்துவிடுவாள், கறியும் முட்டையும் பிடிக்காமல் போகலாம், ஆண் பிள்ளைக்கு இருப்பதே ஒரு பிரதிதான் என்றார் டாக்டர். கறிக்குழம்பு நாளில் அம்மாவும் நானும் நீயும் ரசம் கேட்போமே, உங்க மூணு பேருக்கும் கறி எடுக்கிறதே தண்டம் என்பாரே அப்பா!

வயித்துப்புள்ளக்காரிகிட்ட இதையெல்லாம் சொல்லாத என்று அம்மா சத்தம் போட்டாள், ஒரு வாரம் பேசவில்லை. வியாழக்கிழமை எடமலைப்பட்டி புதூரிலிருந்து தனியாக பஸ் ஏறி லேபுக்கே வந்து, எனக்கும் எடுத்துப் பாருடி என்று கையை நீட்டினாள். இன்று முடிவு வந்தது. அவளுக்கும் அதேதான். அப்ப என்கிட்டேருந்துதான் போச்சா என்று கேட்டாள். பிறகு அவளே, சின்னவளுக்கு எழுதிடு என்றாள்.

அந்தக் காகிதத்தோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். வெள்ளத்துக்காகக் கயிறு கட்டியிருந்ததால் மேல்படியிலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் நின்று, படிகள் நகர்வதுபோல இருந்தது. எதிர்க்கரையில் அண்ணனும் என் பிள்ளையும் ஒரே சாயலில் நின்றார்கள். உன் பிள்ளை அங்கே இல்லை தேவி. நன்றாகத் தேடிப் பார்த்தேன்.

உனக்கு இது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். உனக்கு வந்திருந்தாலும் அவனுக்குப் பாதி வாய்ப்புதான். எங்கள் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன், கிடைத்ததுமே டாக்டரிடம் காட்டு. பிள்ளை பிறந்த அன்றே ரத்தத்தில் அம்மோனியா பார்க்கச் சொல். முன்பே தெரிந்தால் மருந்தும் வழியும் இருக்கிறது. தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் மாப்பிள்ளையைச் சண்டை போடச் சொல். ஒன்றுமில்லை என்று முடிந்தால், வீணாகப் பயமுறுத்தினாய் என்று ஆயுசுக்கும் என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

குலசாமி காப்பாற்றட்டும், தாயும் பிள்ளையுமாக நீடூழி இருங்கள். அவன் பிறந்த நாலாம் நாள் எனக்குப் போன் செய். நீ எதுவும் பேச வேண்டாம். அவன் பசித்து அழுகிற சத்தத்தை மட்டும் கேட்க வை.

உன் அக்கா,
வைஷ்ணவி