ஆந்தை அரசனின் ஒரு வசனம்

1917 ஏப்ரல் 19

காலையிலிருந்து ஆந்தைப் பொம்மைக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்ததில் பாதியை எலி தின்றுவிட்டது. அரசனை முதலில் கவிழ்த்தது எலிகள்தான் என்று புரோகோர் சிரிக்கிறான். பொம்மை செய்தவன் அவன். ஆந்தைக்குக் குரல் கொடுப்பவனும் அவன்தான். நாடகத்தை எழுதியது நான், எனக்கும் அவனுக்கும் கல்யாணமான வருடம். அப்போது ஒரே ஒரு தடவை போட்டோம், போலீஸ் வந்தது. யார் எழுதியது என்று கேட்டபோது பள்ளிக்கூட வாத்தியார் தீகன் எழுந்து, "நான்தான்" என்றான். எனக்கு வரவேண்டிய சிறை அவனுக்குப் போனது. ஜார் மன்னன் இறங்கிய பிறகுதான் வெளியே விட்டார்கள்.

சாயங்காலம் மாவு மில் முற்றத்தில் நாடகம். பட்டினியாக நிற்கும் பறவைகளைப் பார்த்து ஆந்தை அரசன் ஏப்பம் விட்டபடி சொல்வான்: "நான் சாப்பிடறது எனக்காகவா? உங்களுக்காகக் கண்முழிக்கத் தெம்பு வேணாமா?" மில்லே அதிர்ந்தது. தீகன் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டான். முன்பல் இரண்டு சிறையில் போயிருக்கிறது. அதோடு சிரிக்கிறான்.

1917 நவம்பர் 12

தலைநகரில் இன்னொரு தடவை ஆட்சி மாறிவிட்டது. இந்த முறை நம் ஆட்கள் என்கிறான் தீகன். இனி எதையும் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுப்பதாம். எங்கள் குழுவில் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்றுகூடக் கை தூக்கி ஓட்டெடுத்தோம். பச்சை ஜெயித்தது. பச்சைத் துணி எங்கும் கிடைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தோம்.

1918 பிப்ரவரி 14

நேற்று ஜனவரி 31. நாட்காட்டியை மாற்றிவிட்டார்கள். நடுவில் இருந்த நாட்களில் என் பிறந்தநாளும் ஒன்று. இந்த வருடம் எனக்கு வயது ஏறவில்லை.

1918 ஆகஸ்ட் 9

எதிர்க்கட்சிக்காரர்களின் பத்திரிகையை மூடிவிட்டார்கள். தீகனிடம் கேட்டேன். உள்நாட்டுச் சண்டை முடியும் வரைதான், கொஞ்ச நாள்தான் என்றான். நூலகத்திலிருந்து பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன். அவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்ச நாள் என்று. அதையும் அவனிடம் சொன்னேன்.

"அவங்க பாதியிலேயே நின்னுட்டாங்க கிளாஃபிரா. நாம நிக்க மாட்டோம்," என்றான்.

அந்தப் புத்தகத்தில் மன்னனின் தலை விழுந்த நாள் இருக்கிறது. தளபதி முடிசூட்டிக்கொண்ட நாளும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட நாள் எது? அவனிடமும் கேட்டேன். அதை மட்டும் யாருமே குறித்து வைக்கவில்லையே. ஒரு நாள் இருந்திருக்கத்தானே வேண்டும்? கடைக்குப் போய்விட்டு வருகிற சாதாரண நாளாக இருந்திருக்குமோ?

1919 மார்ச் 3

ரொட்டியில் பாதி தவிடு. புரோகோர் பொம்மை ஒட்டும் மாவுப் பசையை நக்கிப் பார்க்கிறான்.

தீகன் இப்போது கலைப் பிரிவின் தலைவன். பார்க்கப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் வரிசை. அதில் உட்கார்ந்துதான் காத்திருந்தேன். அறையில் கணப்பு எரிகிறது, ஆனால் அவன் மட்டும் கிழிந்த கோட்டோடுதான் இருக்கிறான். தன் பங்கு சர்க்கரையைத் தட்டச்சுக்காரியின் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறான் என்று கேள்வி. நம்புகிறேன், அவன் அப்படிப்பட்டவன்தான்.

திரும்பி வரும்போது, வோல்காப் பாலத்தில்தான் உறைத்தது: "நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீங்களா? தீகனா நீங்கள்? நான்கு பேர் முன்னால் மரியாதைக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொண்டாலும் — அறையில் வேறு யாரும் இல்லை.

1920 பிப்ரவரி 21

ரயில்வே பட்டறையில் ஆந்தை நாடகம். மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். வழக்கமான இடத்தில் வழக்கமான வசனம். பிறகு வந்தது சிரிப்பு. நான் இதுவரை கேட்காத சிரிப்பு — வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக, நிற்காமல். முன்வரிசையில் தோல்கோட்டு போட்ட அரசாங்க ஆள் ஒருவர், யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் புரோகோரின் முகம் வெளுத்திருந்தது. "நாம என்ன சொன்னோம்?" என்று கேட்டான். அதே வசனம்தான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது எது?

1920 பிப்ரவரி 23

தீகன் கூப்பிட்டனுப்பினார். (அவர் என்று எழுதுகிறேன். கை தானாகவே எழுதுகிறது.) மேசையில் நாடகப் பிரதி. அந்த வசனத்தின் கீழ் கோடு.

"இதை எடுத்துடு."

"இது ஜாரைப் பத்தினது. உங்களுக்கே தெரியும். இதுக்காகத்தான் நீங்க ஜெயிலுக்கே போனீங்க."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியலையே."

"நான் ஒரு எழுத்தையும் மாத்தலை."

"அதான் பிரச்சனை," என்றார். கோபம் இல்லை அவரிடம். களைத்த மனிதராகத்தான் தெரிந்தார். யாரைப் பார்த்து இவர் பயப்படுகிறார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மேலே இருப்பவர்களையா, பட்டறைக்காரர்களையா, அல்லது அன்று சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்த அந்த ஆளையா?

1920 மார்ச் 14

வசனத்தை எடுத்துவிட்டோம். இன்று மறுபடி பட்டறை, ஞாயிறு மதியம். அந்த இடம் வந்ததும் புரோகோர் ஆந்தையின் அலகைத் திறந்தான். சும்மா பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு சொல் இல்லாமல். எங்களிடம்கூடச் சொல்லி வைக்கவில்லை.

பின்வரிசையில் யாரோ மெதுவாக ஆரம்பித்தார்கள்: "நான் சாப்பிடறது எனக்காகவா..." மீதியை மொத்தப் பட்டறையும் சேர்ந்து சொன்னது. சிரிப்பே இல்லை. பிரார்த்தனை மாதிரி சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். "நான் ஒண்ணுமே சொல்லலையே," என்றான்.

1920 மார்ச் 15

புரோகோரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கையுறை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை.

1920 ஏப்ரல் 6

வடக்கே மரம் வெட்ட அனுப்பியிருக்கிறார்களாம். அவன் உளி பிடிக்கிறவன். கோடரி பிடிக்கத் தெரியுமா அவனுக்கு? ஐயோ, என்னத்தைச் செய்வேன்.

1920 ஏப்ரல் 8

தீகனிடம் போனேன். அழக்கூடாது என்று போனேன், அழுதேன். தன்னால் நேராக ஒன்றும் ஆகாது என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார்.

"இந்தப் பிரிவுல வேலை பாக்கறவங்களோட புருஷன்னா ஒரு மனு போடலாம். கேப்பாங்க."

"என்ன வேலை?"

"வர்ற நாடகத்தையெல்லாம் படிக்கணும். எது போகலாம், எது கூடாதுன்னு சொல்லணும். நீ படிச்சா நியாயமா படிப்பே. அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காந்தா?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இன்னும் தேடுகிறேன்.

1920 நவம்பர் 19

வந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல்கள் உறைபனிக்குப் போய்விட்டன. சூப்பைக் குடித்துவிட்டு, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். தட்டில் மிச்சமிருந்ததைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "கணப்பு இருக்கா அங்க?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். "நல்லது," என்றான். திட்டியிருக்கலாம்.

1921 ஏப்ரல் 11

தீகனை நீக்கிவிட்டார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தான், கையில் தன் தேநீர்க் குவளையோடு. "நானும் புத்தகத்துல தேடினேன் கிளாஃபிரா, நீ சொன்ன அந்த நாளை," என்றான். கிடைத்ததா என்று கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டான்.

1921 மே 30

தீகனின் அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

1922 அக்டோபர் 5

மழை. தபாலில் ஒரு நாடகம். சிம்பிர்ஸ்க் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுதியது. எறும்புகள் ஒன்றுகூடித் தங்களுக்குக் குடை பிடிக்க ஒருவனை நியமிக்கின்றன. வெயிலும் போய்விடுகிறது, மழையும் போய்விடுகிறது. அவன் மட்டும் குடையை மடக்க மாட்டேன் என்கிறான். மடக்கினால் உங்களுக்கு வானம் பழகிவிடும், அப்புறம் கஷ்டப்படுவீர்கள் என்கிறான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எத்தனை காலமாயிற்று.

மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றது. அந்த அம்மாள், அக்ரிப்பினா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தலையை நிமிர்த்தவில்லை. தோள்கள் மட்டும் ஒடுங்கின. நான் சிரித்ததை அவர் கேட்கவில்லை என்று எனக்குக் காட்ட விரும்பினார், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தார், முன்னைவிட வேகமாக.

அவர் யாரைப் பார்த்துப் பயந்தார் என்று தெரிந்துகொள்ள அறையைச் சுற்றிப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் இல்லை.