நீ தலையாட்டினாயாம்

மச்சான்,

இன்று காலை நம் கடையில் உன் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தார். சாய்ந்தால் கிறீச்சென்று கத்துமே, அதே சத்தம். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த நான், நீதான் என்று நினைத்து இன்னொரு டம்ளரையும் எடுத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால், நாம் வெப்சைட் செய்து கொடுக்கிற பட்டாபிராம் கல்யாண மண்டபக்காரர்.

சுவரில் இருக்கும் உன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அடுத்த வார்த்தையே வேலைதான். "வெப்சைட்ல ஆன்லைன் புக்கிங் எப்போ வரும் சார்? தேதி பாத்து, அட்வான்ஸ் கட்டினா, ரசீது போவணும். அதே காசுல சேத்து பண்ணித் தரேன்னு உங்க ஃபிரெண்டு சொன்னாரே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார், நீயா சொன்னாய்? எதெல்லாம் அந்தக் காசில் வராது என்று சொல்லி, அதை வாடிக்கையாளர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்காமல் எந்த வேலையையும் எடுக்காதவன் நீ. "இல்லாதத மொதல்ல சொல்லிடணும் மச்சான். கீறத அவனே பாத்துக்குவான்" என்பாய். வந்த வேலையும் ஓடிவிடுமே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

இவரிடமும் அப்படித்தான் பேசினாய். அவர் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். படங்கள், வாடகை விவரம், போன் நம்பர், வழி காட்டும் மேப், அவ்வளவுதான் இந்தத் தொகைக்கு என்றாய். "இன்னா நைனா, புக்கிங்னா ஒரு பட்டன் தானே?" என்று அவர் இழுத்தார். நீ சிரித்தாய். "உங்க மண்டபத்துல கரண்டு தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, கூட்டிப் பெருக்கறது தனி. பொண்ணு ஊட்டுக்காரன் எல்லாம் வாடகையிலயே சேத்துக்கோன்னா வுட்டுருவீங்களா? அந்தப் பட்டனுக்குப் பின்னாடி ஒரு மாச வேல கீது சார்." அவரும் சிரித்துவிட்டார். "சரிப்பா, புக்கிங் கெடையாது" என்று தன் வாயாலேயே சொன்னார்.

அதைத்தான் இன்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மனிதர் அசரவில்லை.

"அது அப்போ சார். நான் சொல்றது ஆஸ்பத்திரில. பாக்க வந்தேன்ல, அப்போ கேட்டேன்."

"அவன் தொண்டைல குழாய் போட்டிருந்தாங்க. பேசவே முடியாதே?"

"தலையாட்டினாரு."

ஆட்டியிருப்பாய். டாக்டர் கேட்டாலும், நர்ஸ் கேட்டாலும், சாத்துக்குடியோடு வந்து நிற்பவர் கேட்டாலும் அந்தத் தலையைத்தானே உன்னால் ஆட்ட முடிந்தது? ஆரோக்கியமாக இருந்தவனிடம் கேட்டுக் கிடைக்காததைப் படுக்கையில் கிடந்தவனிடம் போய்க் கேட்டிருக்கிறார். இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

அதோடு விட்டாரா? "போனவரு வாக்கு சார், காப்பாத்தணும். ஆவடி, பட்டாபிராமெல்லாம் நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். இன்றைக்கும் இந்தக் கடைக்கு வருகிற பாதிப் பேர் உன் பெயரைச் சொல்லித்தான் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அங்கேதான் கை வைத்தார். ஒரு நிமிடம், செய்து கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. செய்திருந்தால் உன் வாக்கைக் காப்பாற்றியதாக ஆகியிருக்காது. நீ, சொன்ன சொல்லை மாற்றுகிறவன் என்றுதான் ஆகியிருக்கும்.

"புக்கிங் தனி வேலை சார். தனிக் காசு, தனி அவகாசம். வேணும்னா நாளைக்கே எழுதித் தரேன். அவன் தலையாட்டினான்னு மட்டும் இனி யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. மருந்து வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்பினேன். நீ கதவையே கையால் காட்டிக்கொண்டிருந்தாய். வராந்தா சத்தம் தொந்தரவாக இருக்கிறதோ என்று சாத்தினேன். அப்போதும் காட்டினாய். குளிருகிறதோ என்று போர்வையை இழுத்துவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இவர் வந்து கேட்டுவிட்டுப் போனதைத்தானே அப்படிச் சொல்லியிருக்கிறாய்.

முடியாததை முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல இப்போது எனக்கும் வருகிறது. உன்னிடம் இருந்து வந்ததுதான். நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை மச்சான்.