தனம் அத்தையை ஏன் சாகடித்தீர்கள், அப்பா?

என் அன்பான அப்பாவுக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து உங்கள் செல்வி எழுதுவது.

தபால்காரர் மணியடித்தால் இன்னமும் வாசலுக்கு ஓடுகிறேன். "இன்னிக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகச் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். நீங்கள் போய்விட்டது அவருக்கும் தெரியும். எனக்குத்தான் கால் நிற்க மாட்டேன் என்கிறது.

அறுபத்திரண்டில் பதிவு அலுவலகத்தில் நான் அந்தோணியைக் கல்யாணம் செய்துகொண்டபோது நீங்கள் வரவில்லை. ஆனால் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுவதற்கு நடுவிலும், சிதம்பரத்திலிருந்து வாராவாரம் உங்கள் இன்லண்ட் லெட்டர் மட்டும் வந்தது. தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு என்ன காய்ச்சல் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை, "மாப்பிள்ளை மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, அடுத்த மாதம் வந்து உன் கையால் சாப்பிடுகிறேன்" என்று எழுதினீர்கள். எத்தனையோ அடுத்த மாதங்கள் போயின. நீங்களும் வரவில்லை, எங்களையும் வா என்று கூப்பிடவில்லை. நான் எதை நம்புவது?

உங்கள் சாவுக்குக் கிளம்பும்போது, "நானும் வரட்டுமா?" என்று அந்தோணி கேட்டார். தனியாகத்தான் வந்தேன். காரியத்துக்கும் தனியாகத்தான்.

சாவன்று அழுகையில் யார் முகமும் என் கண்ணில் படவில்லை. காரியத்தன்றுதான் நம் தெரு வெற்றிலைக்கடை கோவிந்தசாமி மாமாவைப் பார்த்தேன். அவர் மனைவி தனம் அத்தை மழைக்காலத்தில் இறந்துவிட்டதாக நீங்கள் எழுதியதைப் படித்து நான் ஒரு நாள் முழுக்க அழுதவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை போனப்புறம் சாப்பாட்டுக்கு என்ன மாமா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழித்தார். பின்னாலிருந்து ஒரு குரல். "நான் எங்கடி போனேன்? இங்கதான நிக்கிறேன்!"

தனம் அத்தை, கையில் காபி டம்ளரோடு! துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதென்று எல்லோரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா மட்டும் அசரவில்லை. "உங்கப்பாவுக்கு யாரு மேலயாவது கோவம் வந்தா, எழுத்துல சாவடிச்சிடுவாரு. என்னையே ரெண்டு தொடர்கதையில சாவடிச்சாரு. தனம் கடையில ரேடியோவ சத்தமா வெச்சிருப்பா, இவருக்கு எழுத ஓடியிருக்காது" என்றாள்.

அன்றிலிருந்து தலை சுற்றுகிறது, அப்பா. தனம் அத்தை சாவு பொய் என்றால், கோபம் இல்லை என்றதும் பொய்தானா? அப்படியானால் அந்தோணியை ஏன் விட்டுவைத்தீர்கள்? அவருக்கு ஒரு ஜலதோஷத்தைக்கூட நீங்களாக வரவழைக்கவில்லையே. நிஜமாக வந்த பல்வலியைத்தான் தேவலையா என்று விசாரித்தீர்கள். கோபம் இல்லாததாலா? இல்லை, என் தாலியை நினைத்துக் கை கூசியதா? யோசிக்க யோசிக்க உங்கள் மேல் எனக்குத்தான் கோபம் வருகிறது. உடனே அழுகையும் வருகிறது.

தலைத் திவசத்துக்கு அவரை அழைத்து வரலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பா எழுதுனத நம்புறியா, இல்லையா? அத மொதல்ல முடிவு பண்ணிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

முடிவு பண்ண முடியவில்லை, அப்பா. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திவசத்தன்று அந்தோணியோடுதான் வருவேன். உங்கள் படத்துக்கு முன்னால் இலை போடும்போது அவரும் என் பக்கத்தில் நிற்பார். நீங்கள் எழுதியது பொய்யாக இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். அந்தச் சாக்கிலாவது ஒரு தடவை வாருங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் எழுதியதையெல்லாம் நம்பி அழுத மகள்,
செல்வி அந்தோணி