எங்கள் வெப்சைட்டில் அறுபத்து மூவர்

12.08.2003
மேல்மாடியில் இரண்டு அறையும் கட்டி முடித்து இன்றோடு ஐந்து மாதம். இதுவரை தங்கிப் போனவர்கள் இரண்டு புறாக்களும் மழைக்கு ஒதுங்கிய ஒரு பூனையும். யாரும் குறை சொல்லவில்லை.

காலையில் கந்தப்பன் முதலாளி வந்தார். ராகலை பஜாரில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம். ஒரு வார்த்தை கேட்காமல் மேலே ஏறி, இரண்டு அறையையும் காலடியால் அளந்தார்.

"தங்கச்சி, சும்மாதானே கிடக்கு? நமக்குக் குடுங்க. நூறு மூட்டை அடுக்கலாம்."

என் வீட்டுக்காரர் வீரய்யா முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டபோது கிடைத்த பணம் முழுவதும் அந்த இரண்டு அறைக்குள்தான் இருக்கிறது. "வெள்ளைக்காரங்க வந்து தங்குவாங்க" என்று அவரை மயக்கிக் கட்ட வைத்தவள் நான். முதலாளி போனதும் சொன்னார்: "பெப்ரவரி கடைசி வரைக்கும் பாப்போம் பூரணி. ஆள் வரலேன்னா கிழங்குதான்."

நாற்பத்தெட்டு வயதில் கிழங்குக்கு வீட்டுக்காரியாவதா நான்?

19.08.2003
றமணன் மாஸ்டர் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளியில் கணக்குப் பாடம், சனிக்கிழமைகளில் நுவரெலியாவில் கணினி வகுப்பு. என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, வெள்ளைக்காரர் இப்ப இன்ரநெற்றிலை பாத்துத்தான் வாறவை. நான் உங்களுக்கொரு வெப்சைட் செய்து தாறன். காசு வேண்டாம். ஞாயிறிலை தோசை தந்தாக் காணும்."

பெயர் வைக்க வேண்டுமாம். "குயின்ஸ் மவுண்டன் பேலஸ்" என்றேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்தார். "பேலஸிலை சுடுதண்ணி வாளியிலையே அக்கா குடுக்கிறவை?"

"பூரணி இல்லம்" என்று முடிவாயிற்று. என் பெயர் கடைசியில் கட்டடத்துக்காவது பொருந்தட்டும்.

24.08.2003
படம் பிடித்தோம். ஜன்னலைத் தனியாக எடுத்தால் பெரிதாகத் தெரிகிறது. நானும் பக்கத்தில் நின்றால் சிறுத்துவிடுகிறது. என்னை நீக்கினோம்.

பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு அருகில் என்று போடச் சொன்னேன். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் அங்கேதானே இறங்குகிறார்கள்? "பட்டிப்பொல எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?" என்று இவர் சத்தம் போட்டார். உலகப்படத்தில் பார்த்தால் ஒரே புள்ளிதான் என்றேன்.

07.09.2003
பக்கம் ஏறிவிட்டது! ஆங்கிலத்தில் என் நாலு வரி வரலாறு. கீழே நன்றி என்று ஐந்து பெயர்: மேசன், ஆசாரி, மணல் கொண்டுவந்த லொறிக்காரர், கடவுள், றமணன் மாஸ்டர். பெருமை தாங்காமல் அதை அச்சடித்து வாசல் கதவில் ஒட்டினேன்.

ஏன் ஒட்டினேன்? ஏன்தான் ஒட்டினேனோ!

10.09.2003
பழைய தோட்டத் தலைவர் அழகுமுத்து அண்ணன் மூன்று நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்று பேச்சியம்மா காரணத்தோடு வந்தாள். இன்டர்நெட் வருவதற்கு முன்பு ராகலைக்கு இவள்தான்.

"ஏணி யாரு குடுத்ததுன்னு கேக்குறாரு. ஏறி நின்னவன் பேரு இருக்காம், ஏணி குடுத்தவரு பேரு இல்லையாம்."

உண்மை. ஏழு வாரம் அவர் ஏணிதான் நின்றது. கோயில் திருவிழா நோட்டீசில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் மூன்று வருஷம் தேர் பக்கம் வராது. இதெல்லாம் தெரிந்தே வளர்ந்த எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மாஸ்டர் சிரித்தார். "இது வெப்சைட் அக்கா, கோயில் நோட்டீஸ் இல்லை."

"ஒங்களுக்கு என்ன மாஸ்டர், மாத்தம் கெடச்சா ஊருக்குப் போயிருவீங்க. நான் செத்தா தூக்குறதுக்கு இந்த ஆளுங்கதான் வரணும்."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பெயரைச் சேர்த்தார்.

28.09.2003
முப்பத்தொரு பெயர். சட்டி குடுத்தவள், சாந்து குழைத்தவன், "நல்லா வரும்" என்று வாயால் சொன்னவர், எல்லாரும் ஏறியாயிற்று. வெறும் பெயர் போதாதாம். தகப்பன் பெயர், தோட்டத்தில் எந்தப் பிரிவு, வரிசை வீட்டின் லயத்து நம்பர், அதில் குடியிருக்கும் அறையின் காம்பரா நம்பர் எல்லாம் வேண்டும். "வீரய்யான்னு போட்டா எந்த வீரய்யான்னு வெள்ளைக்காரனுக்கு எப்புடித் தெரியும்?" என்று பேச்சியம்மா கேட்கிறாள். நியாயம்தானே.

05.10.2003
அழகுமுத்து அண்ணன் மறுபடி வந்தார். தம்பி பொன்னையா பெயரும் வேண்டுமாம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், தம்பி எழுபத்தொன்பதில் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை.

"அவரு இங்க இல்லையே அண்ணே" என்றேன்.

"கப்பல்ல போனா பேரும் போயிருமா? இருந்திருந்தா ஏணியோட அவன்தான் வந்திருப்பான்."

என்ன சொல்வது? போட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கப்பலேறியவர்களின் பெயரைக் கொண்டுவந்து நின்றார்கள்.

12.10.2003
அறுபத்து மூன்றில் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாயன்மார் கணக்கு வந்திட்டுது அக்கா. இனி ஒருத்தரையும் உள்ளுக்கு விடேலாது." இப்போது அறையைப் பார்க்க வேண்டுமானால் அறுபத்து மூவரையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும்.

16.11.2003
ஈமெயில்! ஹொலண்டிலிருந்து கணவன் மனைவி. வரும் சனிக்கிழமை வருகிறார்களாம். அமைதியான இடம்தான் வேண்டுமாம்.

22.11.2003
வந்தார்கள். அமைதி வரவில்லை.

நோட்டீசில் பெயர் உள்ளவன் விழா நடத்துகிறவன். அந்தக் கணக்கில் உயிரோடு உள்ளூரில் இருக்கும் நாற்பத்தொரு பேரும் வேட்டி, சேலை, மாலையோடு வாசலில் நின்றார்கள். ஒருவர் தவிலுக்கும் சொல்லியிருந்தார். அழகுமுத்து அண்ணன் அந்த அம்மாளுக்குப் பொட்டு வைத்து, கதவில் புதிதாக அச்சடித்து ஒட்டியிருந்த தாளில் தன் பெயரைத் தொட்டுக் காட்டி, "மீ! ஏணி! மீ!" என்றார். பேச்சியம்மா அந்த மனிதருக்கு ஊட்டியே விட்டாள்.

23.11.2003
முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். பின் ஜன்னலில் அந்த அம்மாளின் பொட்டு மட்டும் தெரிந்தது.

24.11.2003
"ஒரு ராத்திரி தங்கினாங்கல்ல?" என்று இவரிடம் கேட்டேன்.

"தங்கினாங்களா? ஒளிஞ்சிருந்தாங்க" என்றார்.

15.01.2004
பொங்கல். ஈமெயில் பெட்டி காலி. கந்தப்பன் முதலாளி வாழ்த்துச் சொல்ல வந்தார், பின்னாலேயே ஒரு லொறி நிறையப் பலகையும் வந்தது. மூட்டைக்கு ஈரம் ஏறாமல் அடியில் போடவாம். இவர் கூட நின்று இறக்கினார். நான் பொங்கல்கூடக் கொடுக்கவில்லை. பிறகு மனசு கேட்காமல் கொடுத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மனுஷன்.

ராத்திரி முழுக்க மேலே கிழங்கு உருளுகிற மாதிரியே இருந்திச்சு. எல்லாம் நானே இழுத்து விட்டுக்கிட்டது. அவரு காசு, என் ஆசை.

03.02.2004
மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தார். கையில் அச்சடித்த ஈமெயில். கூடலூரிலிருந்து சுதர்ஷினி என்ற பெண், காலேஜில் கணினி படிக்கிறவள். அவளுடைய தாத்தா ராகலைக் கதை சொல்லாத நாளே கிடையாதாம். ஒரு நாள் விளையாட்டாக அவர் பெயரையும் ஊரையும் கணினியில் தட்டினாளாம். உலகம் முழுக்கத் தேடி ஒரே ஒரு இடத்தில் வந்ததாம்: பொன்னையா, மேல்பிரிவு, ஏழாம் லயம், ஆறாவது காம்பரா.

"எங்கள் தாத்தா இங்கே உயிரோடுதான் இருக்கிறார். அழகுமுத்து என்று மேலே போட்டிருப்பவர் அவருடைய அண்ணனா? நாங்கள் எட்டுப் பேர் வர ஆசைப்படுகிறோம். லயத்துக் காம்பராவில் எட்டுப் பேர் படுக்க முடியாது என்று தாத்தா சொல்கிறார். உங்கள் இல்லத்தில் இடம் கிடைக்குமா?"

மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் அவர் கண்ணாடியைத் துடைத்தார், நான் மூக்கை.

அழகுமுத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சட்டை போடாமலே பஜார்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். ராகலைக் குளிரில்!

27.02.2004
திருச்சியிலிருந்து விமானம், கொழும்பிலிருந்து வேன். எட்டு உருப்படியும் வந்து சேர்ந்தாயிற்று. நாற்பத்தொரு பேரும் மறுபடி வாசலில். தவில் வேண்டாம் என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொண்ட முதல் வார்த்தை:

"என்னடா, கறுத்துட்ட."

"நீ மட்டும் என்ன, டோர்ச் லைட்டா?"

பேச்சியம்மா எல்லாருக்குமாகச் சேர்த்து அழுதாள். சோறு போட்ட பிறகு பொன்னையா அண்ணன் கதவில் ஒட்டிய பெயர்த் தாளைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நான் கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. என் பேரு ஏன் இவனுக்குக் கீழ இருக்கு?"

கட்டில் போதவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கந்தப்பன் பலகையில் மெத்தை விரித்தேன்.

28.02.2004
கோத்தகிரியிலிருந்து ஒரு ஈமெயில், கொடைக்கானலிலிருந்து ஒன்று. இரண்டிலும் கப்பலேறியவர் பெயர், லயத்து நம்பர், தங்க இடம் கிடைக்குமா என்ற கேள்வி. வெள்ளைக்காரன் ஒருத்தன்கூட இல்லை.

29.02.2004
இந்த வருஷம் பெப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதல். அதையும் விடாமல் கந்தப்பன் முதலாளி காலை பத்தரைக்குச் சாவி வாங்க வந்தார். வெளியே லொறி, லொறி நிறையக் கிழங்கு. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இவர் வாசலை மறித்து நின்று, உதட்டில் விரலை வைத்து, ரகசியம் மாதிரிச் சொன்னார்: "மெதுவாப் பேசுங்க முதலாளி. மேல ஆளுங்க தூங்குறாங்க."

மேலே ஒரு குஞ்சும் இல்லை. ஆறு மணிக்கே எல்லாரும் ஏழாம் லயத்துக்குப் போய்விட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.