ஏழாம் நம்பர் சென்சார்

நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. வாய்க்காலெல்லாம் விளிம்பு வரை. ஆயர் தாவாரிலிருந்து சபாக் போகும் ரோட்டோரம் நாங்கள் புதைத்த சென்சார்களில் ஏழாம் நம்பர் மட்டும் மக்கர். பக்கத்தில் வண்டி போனால் இரும்பை உணர்ந்து, சிக்னல் கம்பத்துப் பெட்டிக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சனி இரவிலிருந்து ‘வண்டி நிற்கிறது, வண்டி நிற்கிறது’ என்று ஒரே பல்லவி. எந்த மடையன் அங்கே இத்தனை நேரம் வண்டியை நிறுத்துவான்?

பல்கலைக்கழகத்திலிருந்து, இந்த ஆராய்ச்சியில் என் கூட்டாளி பிரகாஷ் போனில்: “தண்ணி பூந்திருக்கும் லா. ரீசெட் பண்ணிடு.”

வாங்க: பேட்டரி, சிலிக்கான் பசை, அம்மா மாத்திரை.

பக்கத்து வீட்டு சேவியர் அண்ணனைச் சனியிலிருந்து காணோம். காரும் இல்லை. போன் அணைந்து கிடக்கிறது. போலீஸில் புகார் எழுதிக்கொண்டார்களாம். அம்மா குசுகுசுவென்று: “எவளையோ கூட்டிக்கிட்டு ஓடிட்டானாம்.” யார் சொன்னது என்றேன். “எல்லாரும்தான்.”

நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ரீசெட் முடிந்தது. ‘இப்போது இருப்பதையே வெறும் ரோடு என்று எடுத்துக்கொள்’ என்று சென்சாருக்குச் சொல்வது. திரையில் கோடு சமர்த்தாக நேராகிவிட்டது. இதை நம்பித்தான் சிக்னல் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளுக்குப் பச்சை காட்டப் போகிறது. பெருமைதான், பொய் சொல்வானேன்.

மாலை, வேலியோரம் லூர்து அக்கா. சேவியர் அண்ணன் மனைவி. முகம் வீங்கியிருந்தது. “சாப்டீங்களாக்கா?” என்றேன்.

“சாப்டாம? அவன் ஒருத்தன் இல்லாட்டி செத்தா போயிடுவேன்?”

உள்ளே வந்துவிட்டேன். ஊர்ப் பேச்சை நானும் பாதி நம்பிவிட்டேன் போல.

நவம்பர் 13, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

அறிக்கைக்குப் படம் வரைய ஏழாம் நம்பரின் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டேன். தண்ணீர் புகுந்தால் இப்படி மாறாது. பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தால்தான் மாறும். சனி இரவுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு கார் ஐந்தைத் தாண்டியது. ஆறைத் தாண்டியது. ஏழுக்கு வந்தது. எட்டுக்கு வரவே இல்லை.

ஐயோ கடவுளே. ரோட்டை ஒட்டி வாய்க்கால்.

பிரகாஷ்: “ஏய், சும்மா பயமுறுத்தாதே.” போனை வைத்துவிட்டு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். கரையில் புல் மடிந்து கிடந்தது. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர். வேறொன்றும் தெரியவில்லை. பொம்பாவுக்குப் போன் செய்தேன். தீயணைப்பு வண்டி வரும்வரை கரையிலேயே நின்றேன்.

இருட்டிவிட்டது, காலையில்தான் தூக்குவார்களாம். கம்பு விட்டுப் பார்த்தவர், கீழே இரும்பு தட்டுகிறது என்றார்.

நவம்பர் 14, வியாழன்

தூக்கிவிட்டார்கள். சேவியர் அண்ணன் கார்தான். உள்ளே அவர், பெல்ட் போட்டபடி. இதற்கு மேல் எழுத முடியாது.

சனி இரவே உயிர் போயிருக்கும் என்கிறான் பிரகாஷ், ஆறுதலாம். திங்களன்றே நான் போய்ப் பார்த்திருந்தால் ஊர் வாயாவது அடங்கியிருக்குமே. இரும்பைப் பார்த்து ‘வெறும் ரோடு’ என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

லூர்து அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பா, ஒன் மிசின்ல தெரியுமாமே. எந்தப் பக்கமா போய்க்கிட்டு இருந்தாரு?”

“சபாக்லேருந்து நம்ம ஆயர் தாவார் பக்கந்தாங்க்கா. வீட்டுக்குத்தான் வந்துகிட்டு இருந்தாரு.”

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“ஓடிட்டாருன்னு நெனச்சு அவரு சட்டையெல்லாம் எரிச்சிட்டேனே பாப்பா. ஒன்னு விடாம எரிச்சிட்டேனே. இப்ப எதைப் போட்டு அனுப்புவேன்?”

அப்பாவுடைய வெள்ளைச் சட்டை ஒன்று இருக்கிறது. அண்ணனுக்குத் தோள் கொஞ்சம் இறுக்கும். இஸ்திரி போட்டு முடித்தேன், அம்மா அதை மடித்து லூர்து அக்காவிடம் எடுத்துப் போகிறாள்.