தாளின் வலது பக்கம்

பிப்ரவரி 3, சனி

பதினான்கு வருஷம் சமரசம் பேசியவளுக்கு, ‘நடுநிலைமை என்றால் என்ன?’ என்று பாடம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இருபது மணி நேரப் பயிற்சி முடித்தால்தான் சமரசர் உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். போன தடவை வரை கையெழுத்துப் போட்டுவிட்டு மதியமே நழுவிவிடலாம். இந்த முறை ஐந்து மணி வரை உட்கார வேண்டுமாம். வீட்டுப்பாடம் வேறு.

காலையில் அவர் வாசல் வரை வந்து, “டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா? மிஸ் திட்டினா அழாம வீட்டுக்கு வந்துடணும்” என்றார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. கிண்டல் மட்டும் குறையவில்லை.

மிஸ்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருக்கிறாள். ‘பென்சில்’ என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த நோட்டில் யார் பெயரையும் எழுதுவதில்லை. தொழில் பழக்கம். யார் கையிலாவது சிக்கினால் என் மானம் மட்டும்தான் போக வேண்டும்.

முதல் பாடம், தாள் மடிப்பது! ஒருவரைத் தனி அறையில் வைத்துப் பேசும்போது தாளை நடுவில் மடித்துக்கொள்ள வேண்டும். எதிர்த் தரப்பிடம் சொல்லலாம் என்று அவர் அனுமதித்தது இடது பக்கம். சொல்லக் கூடாதது வலது பக்கம். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேர் கண் முன்னாலேயே கிழித்துப் போட வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! கொட்டாவியை மென்று விழுங்கினேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்னும் மூன்று சனிக்கிழமை.

பிப்ரவரி 10, சனி

சீ! என்ன நாள் இது.

இன்று நடித்துப் பார்க்கும் பயிற்சி. மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகி, கீழ்வீட்டுச் சுவர் ஊறுகிறது. சமரசர், நான். ‘நம்மில் மூத்தவர் செய்து காட்டட்டும்’ என்று எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் மிதப்புதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். மேல்வீட்டுக்காரராக நடித்தவர் தனி அறையில் என்னிடம், “வேற வழியில்லைன்னா தொட்டியை இடம் மாத்திடறேன். ஆனா இப்போ அவர்கிட்ட சொல்லாதீங்க” என்றார். சமத்தாக வலது பக்கத்தில் எழுதினேன்.

கீழ்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர். இந்தத் தொழிலுக்குப் புதுசு, ஆர்வக் கோளாறு. அவரிடம் போய் உட்கார்ந்து நான் கேட்ட இரண்டாவது கேள்வி: “தொட்டியை மாத்துறதா இருந்தா எந்தப் பக்கம் வெச்சா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?”

மனுஷன் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். “அப்போ மாத்த ஒத்துக்கிட்டாரு! இனிமே நான் ஒரு அடி இறங்க மாட்டேன்!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பென்சில் மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க ஒண்ணுமே சொல்லலை மேடம். கேட்டீங்க, அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதும்” என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் சுருக்கென்று இருந்தது.

நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவள், எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் — என்று பஸ்ஸில் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் திட்டு நின்றுபோனது. இதே மாதிரி ஒரு கேள்வியை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். நடிப்பில் இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

எழுதித்தான் தீர வேண்டும். இரண்டு நாளாக உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால். கணவன் மனைவி பிரிகிறார்கள், ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தம்மாவுக்குத் தையற்கடை. கணவருக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை, மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவார். குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், சனி ஞாயிறு மட்டும் எனக்கு வேண்டும் என்பது அவர் பக்கம். ஞாயிறு மட்டும்தான் தருவேன் என்பது அந்தம்மா பக்கம். அந்த ஒரு சனிக்கிழமைக்காக மூன்று அமர்வு முட்டிக்கொண்டு நின்றது.

தனி அறையில் அந்தம்மா அழுதுகொண்டே சொன்னார்: “ரொம்பப் பிடிவாதம் பிடிச்சா, வார நாள்ல அவர்கிட்டயே இருக்கட்டும் மேடம். கடையை மூட எட்டு மணி ஆகுது, பிள்ளை பட்டன் டப்பா பக்கத்துலயே தூங்கிடுது. ஆனா அவரா கேக்காம நீங்க இதை வெளியில விட்டுடாதீங்க.”

வலது பக்கத்தில் எழுதினேன். கோடு கூடப் போட்டேன்.

பிறகு அவரிடம் போனேன். கேட்டேன்: “வார நாள்ல குழந்தை உங்க வீட்டுல இருந்தா, காலையில ஸ்கூலுக்கு யாரு கொண்டுபோய் விடுவாங்க?”

அவர் கண்ணை நான் பார்த்தேன். ஒரு விநாடி. விளக்குப் போட்டது மாதிரி ஆனது. சனிக்கிழமையை அப்படியே விட்டுவிட்டு, ‘வார நாள் ஐந்தும் எனக்கு’ என்று ஆரம்பித்தார். அரை மணியில் முடிந்துவிட்டது. அந்தம்மா கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. தாளைக் கிழித்தேன், இரண்டு பேர் கண் முன்னாலும். எல்லாம் முறைப்படி.

அது என்னுடைய நூறாவது உடன்பாடு. மையத்தில் கேக் வெட்டினார்கள். நான் சாப்பிட்டேன். இரண்டு துண்டு.

ஏன் கேட்டேன்? களைப்பா? நூறு என்கிற ஆசையா? தெரியாமல் வந்துவிட்டதா? — அதெல்லாம் சும்மா. எனக்குத் தெரியும். முடிய வேண்டுமென்றுதான் கேட்டேன். மூன்று வருஷமாக ‘நான் எதையும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தேன்’ என்று என் காதிலேயே பூ சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

காபியில் உப்புப் போட்டுவிட்டேன். “என் மேல என்ன கோபம்னு வாயால சொன்னா போதுமே, இப்படிக் காபியிலயா காட்டணும்?” என்றார். சிரிக்க வரவில்லை. விஷயத்தைச் சொல்லவும் முடியாது. சமரச அறையில் கேட்டதைக் கட்டிய கணவனிடம் கூடச் சொல்லக் கூடாது. நல்ல தொழில்.

பிப்ரவரி 17, சனி

வீட்டுப்பாடம்: நான் செய்த நெறித் தவறு ஒன்று. சொந்த அனுபவம்தான் வேண்டும், கதை விடக் கூடாது என்று பென்சில் கறாராகச் சொல்லியிருந்தாள். ‘ஒருமுறை அமர்வுக்குப் பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போனேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘இது நேரம் தவறியது. நெறி தவறியது எது?’

இந்தக் குறும்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

இடைவேளையில் பொறியாளர் தன்னுடையதை நீட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். போன வாரம் ஒரு அமர்வில் அவரே செய்த தவறு, பூசி மெழுகாமல் இரண்டு பக்கம். “ஏன் சார், இவ்வளவு பச்சையாவா எழுதுவாங்க?” என்று கேட்டேன். “ஏன் மேடம், கூடாதா?” என்றார், நிஜமாகவே தெரியாமல். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ எடுக்கப் போனேன்.

பிப்ரவரி 21, புதன்

மையத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். முதுநிலை சமரசர் பதவிக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறாராம். எதிர்பார்த்துக் காத்திருந்த நாள்தான் இது. சந்தோஷப்பட்டிருக்கலாம். வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “சும்மா கிடக்கிறதை எதுக்கும்மா கிளறறீங்க? ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாச்சு. பிள்ளையும் மூணு வருஷமா அங்கதானே வளருது. அதுவும் இல்லாம, நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே! கேள்விதானே கேட்டீங்க!”

என்னுடைய சமாதானம்தான், வார்த்தை மாறாமல். இத்தனை நாள் என் வாயில் ருசியாக இருந்தது, அவர் வாயிலிருந்து கேட்டபோது குமட்டியது. “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

யோசிக்க என்ன இருக்கிறது? பயம் இருக்கிறது. அதுதான்.

பிப்ரவரி 24, சனி

நேர்மையாக எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

வகுப்பு கலைந்த பிறகு பென்சில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள், இல்லையென்றால் தேற்றுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. “அந்தம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒண்ணா உட்காரவெச்சு சொல்லிடலாம்னு…”

“ரெண்டு பேரையுமா? மேடம், மறுபடியுமா!” என்று தலையில் கை வைத்தாள். “அது அந்தம்மா சொன்ன ரகசியம். முதல்ல அவங்களுக்கு மட்டும் தனியா. அவர்கிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.”

மன்னிப்புக் கேட்கப் போகிற அவசரத்தில் அதே தப்பை இன்னொரு தடவை செய்யப் பார்த்தேனே! பதினான்கு வருஷ அனுபவமாம், அனுபவம்.

“வேலை போகுமா?” என்று கேட்டேன். “போகலாம்” என்றாள்.

மார்ச் 7, வியாழன்

அந்தம்மா வந்தார். நான், அவர், ஓரத்தில் பென்சில். அதே சின்ன அறை, அதே ஆடுகிற மேஜை. இன்று தாள் கொண்டுபோகவில்லை.

முதல் வாக்கியத்தைப் பத்து நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் மறந்துவிட்டது. ‘நீங்க அன்னிக்கு என்கிட்ட மட்டும் சொன்னது என்னாலதான் அவருக்குத் தெரிஞ்சுது’ என்று போட்டு உடைத்தேன். என்ன கேட்டேன், அந்தக் கணவர் முகம் எப்படி மாறியது, எல்லாவற்றையும் சொன்னேன். களைப்பு என்று சொல்லவில்லை. நூறாவது என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். அதைக் கழற்றி, சுருட்டி, மேஜையில் வைத்தார்.

“அந்த விஷயத்தை ரெண்டே பேர்கிட்டதான் சொல்லியிருந்தேன்” என்றார். “உங்ககிட்ட. என் தங்கச்சிகிட்ட.”

எனக்கு இன்னும் புரியவில்லை.

“நீங்க சொல்ல மாட்டீங்க, அது உங்க தொழிலுன்னு நம்பினேன். அப்போ யாரு மிச்சம்? அவதான். மூணு வருஷமா அவ முகத்துல முழிக்கலை. அவ பிள்ளை பொறந்ததுக்கும் போகலை. போன் பண்ணி, போன் பண்ணி அழுதா. ‘நான் சொல்லலைக்கா, சத்தியமா நான் சொல்லலைக்கா’ன்னா. பொய்யை சத்தியம் வேற பண்ணி சொல்றியான்னு வெச்சுட்டேன்.”

மன்னிச்சுக்கோங்க என்றேன். எச்சில் மாதிரி விழுந்தது அந்த வார்த்தை.

“உங்களை மன்னிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கறேன்” என்று எழுந்தார். “இப்போ எனக்கு வேற வேலை இருக்கு.” கதவு வரை போய்த் திரும்பினார். “அவர்கிட்டயும் சொல்லிடுங்க. நான் சொல்லச் சொன்னேன்னே சொல்லுங்க. ஒப்பந்தத்தை மறுபடியும் பேசணும். ஆனா நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது.”

அளவு நாடாவை விட்டுவிட்டுப் போய்விட்டார். பென்சில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ச் 8, வெள்ளி

தங்கச்சி. அந்தக் கணக்கு என் தலையில் ஒரு நாளாவது தோன்றியதா?

மார்ச் 19, செவ்வாய்

மையத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஓராண்டு உரிமம் நிறுத்தம். பிறகு இருபது மணி நேரப் பயிற்சியை முதலிலிருந்து. முதுநிலைப் பதவி பற்றிப் பேச்சே இல்லை. பரிந்துரைக் கடிதத்தை மையத் தலைவர் என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை.

வீட்டில், நான் தொழிலில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், என்னவென்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன். கிண்டல் செய்வாரென்று காத்திருந்தேன். கேட்கவுமில்லை, கிண்டலுமில்லை. காபி போட்டுக்கொண்டு வந்தார். கண்றாவியாக இருந்தது. முழுசாகக் குடித்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

அவர்கள் மறுபடி பேசி முடித்துவிட்டார்களாம், வேறு சமரசர் முன்னால். “குழந்தை யார்கிட்ட சார்?” என்று மையத் தலைவருக்குப் போன் செய்து கேட்டேன்.

“அது ரகசியம்மா. உங்களுக்குச் சொல்லக் கூடாது.”

சரியான பதில். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூன் 19, புதன்

பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் நிறுத்தம் மாறி இறங்கிவிட்டேன். இல்லை, இந்த நோட்டில் எதற்குப் பொய்? தெரிந்துதான் இறங்கினேன். நிறுத்தத்துக்குப் பின்னாலேயே அந்தத் தையற்கடை. மணி நாலே கால், பள்ளிக்கூடம் விட்டு அரை மணி ஆகியிருக்கும்.

கேட்கத்தான் கூடாது. பார்க்கக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

கண் முதலில் மேஜைக்குக் கீழே போனது. பள்ளிப் பை இருக்கிறதா? இல்லை. நாற்காலியிலும் இல்லை, கொக்கியிலும் இல்லை. வார நாளில் இன்னும் அப்பா வீட்டில்தான் போலிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அங்கேயே பழகியிருக்கும், தோழிகள் இருப்பார்கள். நான் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பஸ் வந்தது. ஏறப் போனேன். அப்போதுதான் கடைக்குள்ளிருந்து ஒரு குரல். “அக்கா, கத்தரிக்கோல் எங்கக்கா வெச்சே?”

உள்பக்கத்து மிஷினில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தம்மாவுடைய அதே நெற்றி. பக்கத்தில், தரையில் விரித்த துணி மேல் ஒரு குழந்தை பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வயது இருக்கும்.

“உன் மடியிலதான்டி இருக்கு, குருடி!” என்றார் அந்தம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ் போய்விட்டது. அடுத்தது வரும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.