மணி அடித்தால் பாதி விலை

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று முழுக்க நான் வாயைத் திறந்து பேசியது எட்டு வார்த்தை. வகுப்பில் "உள்ளேன்". பேருந்தில் "கொஞ்சம் தள்ளுங்க". மீதி ஐந்தும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிடம்: "என்ன, கதவைத் திறந்ததும் பல்லைக் காட்டுற?" அது சிரிக்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

கதவில் அம்மாவின் சீட்டு. "சாப்பாடு நடுத்தட்டில். சூடு பண்ணிச் சாப்பிடு." அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை, மாலை நேரம். அப்பா தரை ஓடு விற்கிறார்; பேருக்கேற்ற மாதிரி மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராக ஓட்டம்.

நல்ல கடி இது. சொல்லத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 28, புதன்

சில்லறை இன்றும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி நடித்தால்கூடப் பரவாயில்லை. அவள் நிஜமாகவே பார்க்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

எழுதித் தொலைத்துவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

சில்லறை என்பது நான் வைத்த பெயர். ஆள் சின்னது, சிரித்தால் சில்லறை கொட்டின மாதிரி இருக்கும். ஏ கட்டடம், நாலாவது மாடி. நான் சி கட்டடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

ஆண்டு விழாவில் மேடையேறித் தொகுத்துப் பேச ஆள் தேர்வு வைத்தார்கள். அவள் போனாள். அன்று சாயங்காலம் நான் அப்பாவின் பழைய போனிலிருந்து தலைமை ஆசிரியை குரலில் கூப்பிட்டேன். "உன்னையே தேர்ந்தெடுத்திருக்கோம்மா. நாளைக்கு நல்லா இஸ்திரி போட்ட உடுப்போட வா." அந்தக் குரல் எனக்கு அப்படியே வரும். இருமல் உட்பட.

பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழுதுகொண்டே சொல்கிறாள்: "ஏய், நான்தான்டி! என்னைத்தான் எடுத்திருக்காங்க! அப்பா கேக் வாங்கப் போயிருக்காரு! அத்தைக்குக்கூட சொல்லியாச்சு!"

நான் என்ன சொன்னேன்?

"அப்படியா! சூப்பர்டி!"

மறுநாள் பலகையில் பட்டியல். அவள் பெயர் இல்லை. நேராகத் தலைமை ஆசிரியை அறைக்கே போய்க் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து என்னை ஒருமுறை பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இனிமே நீ நிஜமே சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் யோசித்து ஏழு வாரம் ஆகிறது. போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் நான் சோகமாக முகத்தை வைத்தாலே எல்லாரும் சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். அடுத்து என்னவோ வரப்போகிறது என்று.

மார்ச் 2, சனி

எங்கள் குடியிருப்புக் கூடத்தில் செடி விற்பனை. பருவம் முடியும்வரை வாராவாரம் சனிக்கிழமை. அவரவர் வீட்டில் பெருகிப்போனதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், வசூல் பூங்காவுக்கு. பன்னிரண்டுக்கு மணி அடித்தால் எல்லாமே பாதி விலை. மணி பிளான்ட்கூட மணி அடித்தால்தான் மலிவு. பன்னிரண்டரைக்கு மிஞ்சியது இலவசம். நான் போவது அதற்குத்தான். வாடின செடிகளுக்கு நான் நிரந்தர வாடிக்கையாளர்.

மணி கறார் அக்காவின் கையில். வாரநாளில் கூரியர் ஆபீஸ், சனிக்கிழமை இங்கே கல்லா. பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு யார் கெஞ்சினாலும், "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு." அவ்வளவுதான் பேச்சு.

இவரை ஏமாற்ற நானும் சில்லறையும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். பிடித்த செடியைக் காலையிலேயே கடைசி மேசைக்கு அடியில் தள்ளி, மேலே நீல வாளியைக் கவிழ்த்துவிடுவது. மேசைத்துணி தரைவரை தொங்கும். யாருக்கும் தெரியாது. மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடுவோம். போன வருடம் முழுக்க இப்படித்தான். போன வருடம் நாற்று மேசையில் பெயர்க்குச்சிகளை மாற்றி எழுதிச் செருகியதும் நாங்கள்தான். தக்காளி என்று வாங்கிப்போனவர்கள் வீட்டில் மிளகாய் காய்த்தது. மூன்று நாள் சிரித்தோம்.

இன்று பழக்கதோஷத்தில் கடைசி மேசைத் துணியைத் தூக்கினேன்.

நீல வாளி. கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு குட்டிக் கற்றாழை.

உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் இது தெரியும். ஒருத்தி நான்.

அவள் வருகிறாள்! நான் வருவதற்கு முன்னாலேயே வந்து ஒளித்துவைத்துவிட்டுப் போகிறாள்!

பெயர் எழுத வைத்திருந்த ஐஸ் குச்சி ஒன்றை எடுத்தேன். என் பெயர் போட்டால் பார்த்ததும் உடைத்துவிடுவாள். அதனால் போடவில்லை. "அன்னைக்குப் பண்ணினது தப்பு. ரொம்ப ரொம்ப சாரி." கற்றாழைப் பக்கத்தில் செருகி, வாளியை மூடிவிட்டு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். ஒரு செடிகூட வாங்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, செவ்வாய்

வகுப்பில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல நடிகை. என்னிடம் கற்றதுதானே.

மார்ச் 9, சனி

பதில்!!

வாளிக்கு அடியில் இந்தத் தடவை ஒரு பெரணிச் செடி. அதில் ஐஸ் குச்சி. "பரவாயில்லை. எப்பவோ மறந்தாச்சு."

மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே நூறு கால்கள் போய்வந்துகொண்டிருந்தன. குச்சியைப் பத்துத் தடவை படித்தேன். மார்க்கரில் எழுதினால் எல்லார் எழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் இது அவள்தான். வேறு யார்?

நான் எழுதியது: "அப்போ நேர்ல பேசலாமா?"

இன்று இலவச நேரத்தில் மூன்று செடி அள்ளினேன். மூன்றும் தலையைத் தொங்கப் போட்டவை. "வாடி"ன்னு கூப்பிட்டால் வாடித்தானே இருக்கும் என்று பால்கனியில் அவற்றிடம் சொன்னேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "யார்கூடப் பேசற?"

"விருந்தாளிங்க."

"முகமே தெளிஞ்சிருக்கே. என்ன விஷயம்?"

சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் மாதிரி இருந்தது.

மார்ச் 13, புதன்

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். இந்த வாரத்தை யாரோ இழுத்துப்பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16, சனி

"தாராளமா. வந்து பேசு. கடிக்க மாட்டேன்."

கடிக்க மாட்டேனாம்! சில்லறையேதான்!

மார்ச் 18, திங்கள்

ஏன்டி போன? யாரு உன்னைப் போகச் சொன்னா? என்னையேதான் கேட்கிறேன்.

மதிய இடைவேளை. அவள் ஜன்னலோரம், புதுக்கூட்டத்தோடு. நான் நேராகப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, "வந்துட்டேன். கடிக்க மாட்டேன்னு சொன்னியே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொல்ற?"

"வாளிக்கு அடியில எழுதினியே."

"எந்த வாளி?"

"நடிக்காதடி. குச்சியில—"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" அவள் குரல் உடைந்தது. நடிப்பில் குரல் உடைவதற்கும் நிஜத்தில் உடைவதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்குத் தெரியும், நான் தொழில்காரி. "போதும். தயவு செஞ்சு போயிடு."

பக்கத்தில் இருந்தவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எங்கேயாவது கேமரா ஒளித்திருக்கிறேனா என்று தேடினாள். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சில்லறை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை.

மார்ச் 20, புதன்

அப்படியென்றால் எழுதியது யார்? அவளேதான் எழுதிவிட்டு என்னைப் பழிவாங்குகிறாளா? அப்படி இருந்தால்கூடத் தேவலை. குறைந்தபட்சம் அவளுக்கு நான் ஞாபகத்தில் இருக்கிறேன்.

மார்ச் 23, சனி

எட்டரைக்கே போனேன். மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது கடைசி மேசைக்கு அடியில் புகுந்து, வாளிக்குப் பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடிப்பதாகத் திட்டம். பக்கத்தில் உரமூட்டை. வாசனையைப் பற்றி எழுதப்போவதில்லை.

முக்கால் மணி நேரம். துணி தூக்கப்பட்டது. ஒரு கை உள்ளே வந்து வாளியைத் தூக்கி, ஒரு சின்ன வெற்றிலைக் கொடியை வைத்தது. கையில் கல்லாச் சாவி தொங்கியது.

கறார் அக்கா.

அவர் குனிந்தார். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"வெளிய வா. கால் மரத்துப்போயிடும்."

"நீங்களா வாளி வைக்கறது?"

"ஏன், நான் வைக்கக் கூடாதா? விற்கிறவங்க மணி அடிக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்குள்ள நல்லதெல்லாம் போயிடுது. போன வருஷம் பூரா நீங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வச்சதைப் பாத்துட்டுதானே இருந்தேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

"தெரியுமா உங்களுக்கு!"

"மேசைத்துணிக்கு வெளிய நாலு கால் தெரிஞ்சா யாருக்குத் தெரியாது?"

"அவ வருவாளா?"

"அந்தச் சின்னப் பொண்ணா? இந்த வருஷம் ஒருநாள்கூட வரலயே." பிறகு கொஞ்சம் தயங்கி, குரலை இறக்கி, "நேர்ல பேசலாமான்னு எழுதியிருந்தியே. போன வாரமே வருவேன்னு பாத்தேன். கல்லாவைத் தாண்டி ஓடிட்ட."

அப்போதுதான் புரிந்தது. அவர் அந்தக் குச்சியைத் தனக்கு எழுதியது என்று நினைத்திருக்கிறார்.

ஏன் நினைக்க மாட்டார்? தக்காளி வாங்கி மிளகாய் காய்த்தவர்கள் எல்லாரும் அவரிடம்தானே வந்திருப்பார்கள்.

"நாற்று விஷயம்... நாங்கதான்னு தெரியுமா?"

"போன வருஷக் குச்சியில உன் எழுத்துதானே, கல்லா நோட்டுல பாத்திருக்கேன். 'ன'வுக்கு வால் போடறது நீ ஒருத்திதான். இருபத்தாறு பேர் வந்து சத்தம் போட்டாங்க. ஒருத்தர் நான் வேணும்னே செஞ்சேன்னார். கமிட்டியில கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். கல்லாச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே. "அதான், உன் சாரியைப் பாத்ததும் ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தது."

இங்கே நான் "ஆமா அக்கா, உங்களுக்குத்தான் எழுதினேன்" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அவர் முகம் அப்படியே இருந்திருக்கும்.

"அது உங்களுக்கு எழுதினது இல்ல அக்கா. அவளுக்கு. உங்களைப் பத்தி... நான் யோசிக்கவே இல்ல."

சாவி சுற்றுவது நின்றது.

"ஓ," என்றார்.

"ஆனா இப்ப சொல்றேன். சாரி. இது உங்களுக்குத்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விலை படிகிறதா என்று பார்க்கிற பார்வை. "அடுத்த வாரம் குச்சி எழுத ஆள் இல்ல. ஒன்பதுக்கு வந்துடு. ஒன்பது பத்துன்னா வேற ஆள்."

மார்ச் 24, ஞாயிறு

ஏ கட்டடம், நாலாவது மாடி. லிஃப்டில் போகவில்லை. படியில் ஏறினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஆரம்ப வரி தயார் செய்தேன். எல்லாவற்றிலும் ஒரு கடி இருந்தது. எல்லாவற்றையும் படியிலேயே விட்டேன்.

அவளே திறந்தாள். சங்கிலியை எடுக்கவில்லை. விரலகல இடைவெளியில் ஒரு கண்.

"என்ன?"

"கேக் வாங்கின அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான்தான் போன் பண்ணினேன்னு. சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ அழுதியா... பயந்துட்டேன்."

"இதுல எந்த இடத்துல சிரிக்கணும்?"

"எங்கயும் இல்ல."

உள்ளே ஏதோ குக்கர் சத்தம். அவள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா இன்னும் அத்தைகிட்ட சொல்லல. நான் மேடையில நிக்கப்போறேன்னுதான் அவங்க நினைச்சிட்டிருக்காங்க. விழாவுக்குப் புதுப் புடவை எடுத்திருக்காங்க."

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"படிக்கணும்," என்றாள். கதவு மூடியது. அறையவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு இறங்கினேன்.

மார்ச் 27, புதன்

காலையில் யோசித்தது: எனக்கு அத்தையின் எண் தெரியாது. தெரிந்தால் பேசுவேனா? பேசுவேன். யார் குரலிலும் இல்லாமல்.

சில்லறை அப்பாவின் ஆபீஸ் வாசலில் இன்று சாயங்காலம் காத்திருந்து சொன்னேன். மொத்தத்தையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. "திட்டறதுக்கு அவ அம்மா ஒருத்தி போதும்மா, நான் வேற எதுக்கு" என்றார். எண்ணை எழுதிக் கொடுத்தார். அத்தை போனில் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, பிறகு ஐந்து நிமிடம் நிறுத்தவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 30, சனி

எட்டு ஐம்பதுக்குப் போனேன். கறார் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், மார்க்கரை நீட்டினார். நூற்றிப் பத்துக் குச்சி. தக்காளிக்குத் தக்காளி, கத்திரிக்குக் கத்திரி. இரண்டு தடவை சரிபார்த்தார். "ன"வுக்கு வால் போடாமல் எழுதினேன். "பரவாயில்ல, போட்டுக்கோ" என்றார்.

பதினொன்று ஐம்பதுக்கு சில்லறை வந்தாள், அவள் அம்மாவோடு. என் மேசைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். மூன்று மேசை தள்ளித்தான் நின்றார்கள். பிறகு அவள் அம்மா ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று இலை, நடுவில் பெரிய சிவப்பு மொட்டு. மொத்த விற்பனையிலேயே அழகான செடி. "இதை எடுத்துக்கலாம். பாதி விலைக்கு வந்தா இன்னும் நல்லது."

கறார் அக்கா அந்தப் பக்கம் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான்.

சில்லறை என்னைப் பார்க்காமல், செடியைப் பார்த்துக் கேட்டாள். "இது பிழைக்குமா?"

காலையில் தொட்டி மாற்றியது நான்தான். வேரைக் கையில் பிடித்துப் பார்த்திருந்தேன். நாக்கில் மூன்று கடி வரிசையில் நின்றன. மூன்றும் நல்லவை.

"பிழைக்காது. வேர் அழுகியிருக்கு. மேலதான் பளபளப்பு. ஒரு வாரம் தாங்கும்."

அவள் அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கடித்தது. "இவ பேச்சையா கேக்கற? தலைமை ஆசிரியை சொன்னாங்கன்னு கேக் வெட்ட வச்சவ ஆச்சே! எவ்வளவு நல்லா இருக்கு பாரு. எடு நீ."

தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஏனென்று தெரியவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சில்லறை மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் கண் இவ்வளவு நேரம் என்மேல் நின்றது இப்போதுதான். நான் சிரிக்கவில்லை, சோகமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன்.

அவள் அம்மாவின் கையிலிருந்து தொட்டியை வாங்கினாள். மேசையில், இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"வேண்டாம்மா," என்றாள். "வேற பாக்கலாம்."